நெய்வேலியின் வாளிச் சக்கர அகழ்விகள்: பொருத்தலும் மண்ணுக்குப் பழக்கலும்

வாளிச் சக்கர அகழ்வி என்பது நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் மேல்மண்ணையும் நிலக்கரியையும் வெட்டி எடுக்கப் பயன்படும் மிகப்பெரிய இயந்திரம் ஆகும். நாளிதழ்கள் இதனை 'ராட்சத மண் வெட்டும் இயந்திரம்' என்று குறிப்பிடுகின்றன. சுரங்கத்தில் பணிபுரிவோர் 'பக்கெட் வீல்' என்றோ 'பி.டபிள்யூ.இ.' என்றோ அழைக்கின்றனர். வாளிச் சக்கர அகழ்வி, கன்வேயர் பெல்ட், ஸ்பிரெடர் ஆகிய மூன்றையும் இணைத்து இயக்கும் ஜெர்மானியச் சுரங்க முறை இந்தியாவில் முதன்முதலாக நெய்வேலியின் முதல் சுரங்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்த இயந்திரங்கள் பல நூறு பாகங்களாக வந்து சுரங்க விளிம்பிலேயே பொருத்தப்பட்டன. பாகங்களைப் பூட்டி முடித்ததோடு வேலை முடியவில்லை. ஜெர்மனியின் மென்மையான மண்ணுக்காக வளர்ந்த ஒரு முறையைக் கடலூர் மணற்கல்லின் கடினத்துக்கும், வடகிழக்குப் பருவமழைக்கும், நிலத்தடி நீரின் அழுத்தத்துக்கும் ஏற்ப மாற்றிப் பழக்குவது அதைவிட நீண்ட வேலையாக அமைந்தது. நெய்வேலியின் தொடக்க கால வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலையின் வரலாறே ஆகும்.

பின்னணி

நெய்வேலி, சென்னைக்குத் தெற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளது. சுரங்கம் தொடங்கிய காலத்தில் இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய நிறப் பொருள் வெளிவந்தது. அதுவே இப்பகுதியில் பழுப்பு நிலக்கரி இருப்பதை வெளியுலகம் அறியக் காரணமாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையும் சென்னை மாகாண அரசும் துளையிட்டு ஆய்வு செய்து, படிவின் பரப்பையும் தடிமனையும் கணக்கிட்டன. லண்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தயாரித்தது. ஆண்டுக்கு 35 லட்சம் டன் பழுப்பு நிலக்கரி எடுப்பது அத்திட்டத்தின் இலக்கு.

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரி கண்ணுக்குத் தெரிய 1961 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முறையான நிலக்கரி உற்பத்தி 1962 மே மாதத்தில்தான் தொடங்கியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கும் மேலான காலம் முழுவதும் மண்ணை அகற்றுவதிலும், நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்துவதிலும், இயந்திரங்களைப் பொருத்துவதிலும் கழிந்தது.

நிலம் முன்வைத்த சிக்கல்கள்

நெய்வேலியில் நிலக்கரியை அடைவதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது, மேல்மண்ணின் அளவு. பழுப்பு நிலக்கரிப் படிவு பத்து, இருபது மீட்டர் தடிமன் கொண்டது. அதன்மேல் 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணும் மணற்கல்லும் களிமண்ணும் கிடந்தன. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்ற வேண்டும். 35 லட்சம் டன் என்ற தொடக்க இலக்கை எட்டவே ஆண்டுக்கு 1.75 கோடி கன மீட்டருக்கும் மேல் மண்ணை வெட்டி, தூக்கி, வேறிடத்தில் கொட்ட வேண்டியிருந்தது. மண்வெட்டியும் கூடையும் கொண்டோ, சில புல்டோசர்களையும் லாரிகளையும் கொண்டோ செய்யக்கூடிய வேலை இதுவன்று.

இரண்டாவது, மண்ணின் கடினம். இப்பகுதியின் மேல்மண் 'கடலூர் மணற்கல்' என நிலவியலாளர் அழைக்கும் அடுக்கைச் சேர்ந்தது. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் காணப்படும் கல்மரங்களும் இந்த அடுக்கில் உள்ளவையே. மேற்பரப்பில் இது சிதைந்து செம்மண்ணாக மாறியுள்ளது. பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் செழிக்கும் மேட்டு நிலம் இதுதான். சில மீட்டர் கீழே போனால் இரும்புச் சத்தால் இறுகிய மணற்கல் வருகிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் மணல், எஃகையும் உப்புத்தாள் போல் தேய்க்கக்கூடியது.

மூன்றாவது, நீர். நிலக்கரிப் படிவுக்குக் கீழே உள்ள மணல் அடுக்கில் நீர் மிகுந்த அழுத்தத்தில் நிற்கிறது. மேலிருக்கும் மண்ணின் எடைதான் அதை அடக்கி வைத்திருந்தது. அந்த மண்ணை அகற்றினால், நீர் நிலக்கரிப் படிவை உடைத்துக்கொண்டு மேலே பீறிடும் ஆபத்து உண்டு. எனவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் பம்புகளால் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நீர் இறைப்பு நின்றால் அகழ்வும் நிற்க வேண்டியதுதான். இன்றளவும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

சக்கரத்தைத் தேர்ந்தெடுத்த காரணம்

வழக்கமான ஷவல் இயந்திரம் ஒருமுறை வெட்டி, திரும்பி, லாரியில் கொட்டி, மீண்டும் வெட்டுமிடத்துக்கு வரும். அதன் நேரத்தில் ஒரு பகுதி மட்டுமே வெட்டுவதில் செலவாகும். வாளிச் சக்கர அகழ்வியில் இந்த இடைவெளி இல்லை. நீண்ட கையின் நுனியில் ஒரு பெரிய சக்கரம் சுழல்கிறது. அதன் விளிம்பில் பொருத்தப்பட்ட வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைச் சீவி எடுக்கின்றன. வாளி மேலே வந்ததும் மண் தானாக ஒரு பெல்ட்டின் மேல் விழுகிறது. அந்த பெல்ட் இயந்திரத்தின் பின்புறம் வரை சென்று அடுத்த பெல்ட்டுக்கு மண்ணைத் தருகிறது. பல கி.மீ. நீளும் கன்வேயர் வரிசை அதை ஸ்பிரெடருக்குக் கொண்டுசெல்கிறது. ஸ்பிரெடர் தன் நீண்ட கையை வீசி மண்ணைப் பரப்பிக் கொட்டுகிறது. வெட்டுவதும் ஏற்றுவதும் கடத்துவதும் கொட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இம்முறை ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரி வயல்களில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து வளர்ந்து வந்தது. ரைன் பகுதியிலும் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியிலும் நிலக்கரிக்கு மேல் கிடந்தவை பெரும்பாலும் தளர்ந்த மணலும் களிமண்ணும் சரளையும்தான். அவற்றைச் சக்கரம் எளிதில் சீவியது. நெய்வேலியிலும் படிவு ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் பரந்தும் இருந்தது. எடுக்க வேண்டிய மண்ணின் அளவும் மிகப் பெரிது. ஆகவே சக்கர முறை இங்கும் பொருந்தும் என்று முடிவு செய்யப்பட்டது.

இந்த இயந்திரங்களை ஒரு வாளியின் கொள்ளளவைக் கொண்டு அழைப்பது நெய்வேலி வழக்கம். 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர் என மூன்று அளவுகள் அங்கே பழக்கமானவை. சக்கரம் நிமிடத்துக்கு 40 வாளி மண்ணைக் கொட்டுவதாக வைத்துக்கொண்டால், 350 லிட்டர் இயந்திரம் மணிக்கு 840 கன மீட்டரும், 700 லிட்டர் இயந்திரம் 1,680 கன மீட்டரும், 1400 லிட்டர் இயந்திரம் 3,360 கன மீட்டரும் கொட்டும். இது காகிதக் கணக்கு. வெட்டிய மண் உப்பிப் பருக்கும், வாளி எப்போதும் நிறையாது, பெல்ட் நிற்கும், பல் உடையும். காகிதக் கணக்குக்கும் உண்மையான உற்பத்திக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பதே சுரங்கப் பொறியாளரின் அன்றாடப் போராட்டம்.

தோட்டத்து டில்லரும் சுரங்கத்துச் சக்கரமும்

சுழலும் விளிம்பில் வெட்டுமுனைகளைப் பொருத்தி மண்ணைச் சீவும் இதே கருத்து மிகச் சிறிய அளவில் பவர் டில்லரிலும் உள்ளது. 1912-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்ட், தம் தந்தையின் பண்ணையில் நீராவி டிராக்டரின் விசையைக் கொண்டு வெட்டுமுனைகளைச் சுழற்றிப் பார்த்தார். மண் பொடியாயிற்று, ஆனால் பக்கவாட்டில் வாரி இறைக்கப்பட்டது. சிறிய விட்டமுடைய அச்சில், இடைவெளி விட்டு, 'ட' வடிவில் வளைந்த கத்திகளைப் பொருத்திய பிறகே அந்தக் குறை நீங்கியது. சுழற்சியைவிடக் கத்தியின் வடிவமும் அது மண்ணைத் தொடும் கோணமும்தான் முக்கியம் என்பதை அந்த அனுபவம் காட்டியது. ஜப்பானிய வடிவமைப்பில் வளர்ந்த இருசக்கர டில்லர்கள் பின்னர் இந்தியாவிலும் தயாராயின. பெங்களூரு வி.எஸ்.டி. நிறுவனம் 1967-லும், கேரளத்தின் காம்கோ 1973-லும் தொடங்கப்பட்டன.

புதிய டில்லர் வாங்கும் உழவர் செய்யும் வேலைகளைப் பார்த்தால் பெரிய இயந்திரத்தின் கதை எளிதில் விளங்கும். பெட்டியிலிருந்து எடுத்ததும் கைப்பிடியைப் பூட்டி, தம் உயரத்துக்கு ஏற்ப நிறுத்த வேண்டும். இடக் கத்தி, வலக் கத்தி என்று பார்த்து, கூர்விளிம்பு சுழலும் திசையை நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். மாற்றிப் பூட்டினால் கத்தியின் முதுகுதான் மண்ணில் மோதும். என்ஜினிலும் கியர் பெட்டியிலும் எண்ணெய் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பெல்ட்டின் இறுக்கத்தையும் உழும் ஆழத்தையும் சரிசெய்ய வேண்டும். பிறகு குறைந்த ஆழத்தில் ஓட்டிப் பார்த்து, தளர்ந்த போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். களிமண் நிலத்துக்கு வைத்த ஆழம் செம்மண் மேட்டுக்குச் சரிவராது. பொருத்துவது ஒரு பொழுதில் முடியும். நிலத்துக்குப் பழக்குவதற்கு ஒரு பருவமாவது ஆகும். நெய்வேலியிலும் அதே வரிசையில்தான் வேலை நடந்தது. அங்கே இயந்திரத்தின் எடை பல நூறு டன். பழக்கும் காலம் ஆண்டுக்கணக்கு.

பாகங்களாக வந்த இயந்திரம்

வாளிச் சக்கர அகழ்வியை முழுதாக எங்கும் கொண்டுசெல்ல முடியாது. மேற்கு ஜெர்மனியிலிருந்து அதன் பாகங்கள் கடல் வழியே வந்தன. அக்காலத்தில் நெய்வேலி வழியே சென்ற விருத்தாசலம் – கடலூர் ரயில் பாதை மீட்டர் கேஜ் பாதையாகும். ரயிலின் அகலமும், சாலைப் பாலங்களின் வலுவும், ஏற்றி இறக்கும் கிரேன்களின் திறனும் சேர்ந்து ஒரு பாகம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே இத்தகைய இயந்திரத்தில் இணைப்புகள் மிகுதி. போல்ட்டும் ரிவெட்டும் வெல்டிங்கும் கூடும் ஒவ்வோர் இணைப்பும் பிற்காலத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பலவீனப் புள்ளி.

பொருத்துவதற்கென்று சுரங்க விளிம்புக்கு அருகில் சமதளமான, இறுகிய தரை அமைக்கப்படும். அதற்குத் தொழிற்கூடத்தின் கூரை கிடையாது. வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில்தான் வேலை. வேலையின் வரிசை கீழிருந்து மேலாகச் செல்லும்.

முதலில் ஊர்ந்து செல்லும் சங்கிலிப் பட்டைகள் இடப்படும். மொத்த எடையையும் பரப்பித் தாங்கி, இயந்திரம் மண்ணில் புதையாமல் காப்பது இவற்றின் வேலை. அவற்றின் மேல் அடித்தளச் சட்டம் வரும். அதன் மேல் பெரிய வளைய வடிவக் குண்டுத் தாங்கி பொருத்தப்படும். இயந்திரத்தின் மேற்பகுதி முழுவதும் இடமும் வலமும் திரும்புவது இந்த வளையத்தின் மீதுதான். வளையம் சற்றே சாய்ந்திருந்தாலும் எடை ஒரு பக்கம் அழுத்தி, குண்டுகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். எனவே மட்டம் பார்ப்பதில் இங்கே மிகுந்த கவனம் செலுத்தப்படும்.

அடுத்து மேற்சட்டமும் கோபுரமும் எழும்பும். முன்புறம் சக்கரம் தாங்கும் கையும், பின்புறம் எதிர் எடை தாங்கும் கையும் நீளும். இரண்டையும் ஒரே சமயத்தில் படிப்படியாக வளர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முந்தினால் இயந்திரம் கவிழும். பிறகு கம்பி வடங்கள், வின்ச்சுகள், சக்கரத்தின் மோட்டாரும் கியர் பெட்டியும், உட்புறப் பெல்ட்டுகள், மின்மாற்றி, இயக்குநர் அறை ஆகியவை சேர்க்கப்படும். இந்த இயந்திரத்தில் டீசல் என்ஜின் இல்லை. உயர் அழுத்த மின்சாரத்தைத் தடித்த கேபிள் வழியே பெற்று ஓடுகிறது. இயந்திரம் நகர நகர கேபிளும் அதனுடன் நகர வேண்டும்.

வாளிகளும் அவற்றின் பற்களும் இறுதியாகவே பொருத்தப்படும்.

சமநிலையும் சோதனை ஓட்டமும்

வாளிச் சக்கர அகழ்வியின் உயிர்நாடி அதன் சமநிலை. தராசைப் போல ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் எதிர் எடையும் நிற்கின்றன. வாளிகளில் மண் நிறைந்திருக்கும்போதும், காலியாக இருக்கும்போதும், கை உயர்ந்திருக்கும்போதும், தாழ்ந்திருக்கும்போதும் மொத்த எடையின் மையம் வளையத் தாங்கியின் வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வரைபடத்தில் குறித்த எடைக்கும் உண்மையில் பொருத்திய எடைக்கும் வேறுபாடு வருவது இயல்பு. கூடுதல் நடைமேடை, தடித்த தகடு, மாற்றிய மோட்டார் எல்லாமே கணக்கை மாற்றும். எனவே பொருத்தி முடித்ததும் ஜாக்கிகளின் மேல் தூக்கி எடையின் மையத்தை அளந்து, எதிர் எடையைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கின்றனர்.

பின்னர் சோதனை ஓட்டம். முதலில் சக்கரம் மண்ணைத் தொடாமல் சுழலும். தாங்கிகளின் சூடு, கியரின் ஒலி, பெல்ட் நடுவிலிருந்து விலகாமல் ஓடுதல், பிரேக் பிடித்தல் ஆகியவை பார்க்கப்படும். அவசர நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும். பிறகு மெல்லிய சீவலாக மண் வெட்டி, படிப்படியாகச் சீவலின் தடிமனைக் கூட்டுவர். ஜெர்மனியில் இந்தக் கட்டத்தோடு இயந்திரம் ஏறத்தாழத் தயார். நெய்வேலியில் உண்மையான சோதனை இங்கிருந்துதான் தொடங்கியது.

கடலூர் மணற்கல் கற்பித்தவை

நெய்வேலியில் திறப்பு வெட்டு ஸ்கிரேப்பர், புல்டோசர் போன்ற வழக்கமான இயந்திரங்களைக் கொண்டு நடந்தது. ஆழம் கூடக்கூட, மணற்கல்லின் இறுகிய அடுக்குகளைச் சக்கரங்கள் எதிர்கொண்டன. எதிர்பார்த்த வேகத்தில் அவற்றால் வெட்ட முடியவில்லை. பற்கள் மழுங்கின, முறிந்தன. பல் மழுங்கினால் சக்கரம் மண்ணைச் சீவாது, உரசும். உரசல் கூடும்போது மோட்டாருக்குப் பளு ஏறும். இயந்திரம் முழுவதும் அதிரும். அந்த அதிர்வு கையின் வழியே வெல்டிங் இணைப்புகளுக்கும் வளையத் தாங்கிக்கும் செல்லும். ஒரு சிறு பல்லின் தேய்மானம் பல நூறு டன் இயந்திரத்தின் ஆயுளைக் குறைக்கக்கூடியது.

இதற்குக் கண்ட தீர்வுகளில் முக்கியமானது, சக்கரம் வருவதற்கு முன்பே பாறையைத் தளர்த்துவது. வெட்டவேண்டிய பகுதியில் வரிசையாகத் துளையிட்டு, வெடிமருந்து வைத்து மணற்கல்லை விரிசல் விடச் செய்தனர். கல்குவாரியில் போலப் பாறையைச் சிதறடிப்பது இங்கே நோக்கமன்று. உறுதியைக் குலைத்து, நின்ற இடத்திலேயே தளர்த்தி வைத்தால் போதும். மீதியைச் சக்கரம் பார்த்துக்கொள்ளும். வெடிமருந்து குறைந்தால் சக்கரம் திணறும். கூடினால் பெருங்கட்டிகள் உருண்டு பெல்ட்டைக் கிழிக்கும். சக்கரம் மட்டுமே நம்பியிருந்த ஒரு முறையில் துளையிடலும் வெடிவைத்தலும் நிரந்தரக் கட்டங்களாகச் சேர்ந்தன. வெளிநாட்டுச் சுரங்கவியல் நூல்களிலும் நெய்வேலி கடினமான மேல்மண்ணில் சக்கர முறையை இயக்கிய சுரங்கமாகக் கவனம் பெற்றது.

இரண்டாவது தீர்வு பல்லிலேயே இருந்தது. பற்களின் வடிவம், கோணம், எஃகின் வகை ஆகியவை மாற்றிப் பார்க்கப்பட்டன. முனையில் கடின உலோகத்தைப் பற்றவைத்து ஆயுளைக் கூட்டுவது பட்டறையின் வழக்கமான வேலையாயிற்று. தேய்ந்த பல்லைக் கழற்றிப் புதியதைப் போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் உற்பத்திக் கணக்கில் ஒரு பகுதியாயிற்று.

மழைக்காலம் வேறொரு பாடம் கற்பித்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் களிமண் அடுக்குகள் பிசின் போல் ஆகின்றன. வாளியில் ஒட்டிய மண் கொட்டாது. அடுத்த சுற்றில் வாளி பாதி நிறைந்தபடியே மீண்டும் மண்ணுக்குள் செல்லும். பெல்ட்டுகள் மாறுமிடத்திலுள்ள சரிவுத் தொட்டிகள் அடைத்துக்கொள்ளும். உருளைகளில் மண் அப்பி பெல்ட் விலகும். கோடையில் கல்லோடு போராடிய அதே இயந்திரம் ஐப்பசி, கார்த்திகையில் சேற்றோடு போராட வேண்டியிருந்தது. ஆகவே ஆண்டுப் பராமரிப்பும் உற்பத்தித் திட்டமும் மழையை மனத்தில் வைத்தே வகுக்கப்படுகின்றன.

சுரங்கமும் மின் நிலையமும்

இயந்திரத்தைப் பழக்குவதில் தாமதத்துக்கு இடமில்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம். தொலைதூரம் கொண்டுசெல்வது கட்டுப்படியாகாது. நீண்ட நாள் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றும். எனவே சுரங்க வாயிலிலேயே அதை எரித்து மின்சாரமாக்குவதுதான் திட்டம். சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்போடு கட்டப்பட்ட முதல் அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு 1962 மே மாதம் இயங்கத் தொடங்கியது. 1970-இல் நிலையத்தின் மொத்தத் திறன் 600 மெகாவாட்டாக உயர்ந்தது. நிலக்கரி வளம் குறைந்த தமிழகத்துக்கு இந்த மின்சாரம் பெரும் பலமாயிற்று.

இதனால் ஒரு நீண்ட சங்கிலி உருவானது. மேல்மண் வெட்டும் சக்கரம் நின்றால் சில நாட்களில் நிலக்கரி முகப்பு மூடிக்கொள்ளும். நிலக்கரிச் சக்கரம் நின்றால் கொதிகலனுக்கு எரிபொருள் குறையும். மின்சாரம் நின்றால் சக்கரங்களும் நீர் இறைக்கும் பம்புகளும் நிற்கும். ஜெர்மானியச் சக்கரமும் சோவியத் கொதிகலனும் தென்னார்க்காட்டு நிலத்தடி நீரும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. இந்தச் சங்கிலியை அறுந்துவிடாமல் காத்தது மூன்று ஷிப்டுகளிலும் நடந்த பராமரிப்பு வேலை. இயக்குநர், பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், பெல்ட் ஒட்டுபவர் எனப் பல வகைத் தொழிலாளர்கள் இதில் ஈடுபட்டனர். வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நெய்வேலி நகரியம் இவர்களுக்காகவே எழுந்தது.

விரிவாக்கம்

முதல் சுரங்கத்தின் ஆண்டுத் திறன் 1978-இல் 65 லட்சம் டன்னாகவும், 2003-இல் 105 லட்சம் டன்னாகவும் உயர்த்தப்பட்டது. இரண்டாவது சுரங்கத்தில் 1984 செப்டம்பரில் நிலக்கரி வெளிப்பட்டது. பின்னர் 1-ஏ சுரங்கமும் சேர்ந்தது. ஒவ்வொரு விரிவாக்கத்திலும் புதிய அகழ்விகளும் கன்வேயர்களும் ஸ்பிரெடர்களும் பொருத்தப்பட்டன. ஆனால் தொடக்க காலத்துக்கும் பிற்காலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புதிய இயந்திரம் வரும்போதே மணற்கல்லின் குணம் தெரிந்திருந்தது. முன்கூட்டியே வெடிவைத்துத் தளர்த்த வேண்டும் என்பதும், எந்தப் பல் எத்தனை நாள் தாங்கும் என்பதும், எந்த மாதத்தில் எந்த அடுக்கைத் தொடக்கூடாது என்பதும் அனுபவமாகச் சேர்ந்திருந்தன. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 2016-இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாற்றம் பெற்றது. முதல் அனல் மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதற்கு எரிபொருள் தந்த சுரங்க முறை தொடர்ந்து இயங்குகிறது.

வெட்டிய மண்ணும் விட்ட நிலமும்

சக்கரம் மண்ணை வெட்டும்போது நிலத்தின் அடுக்கு வரிசையும் குலைகிறது. இயற்கையில் வளமான மண் மேலேயும் மணற்கல் கீழேயும் இருக்கும். கவனமின்றிக் கொட்டினால் ஆழத்து மணலும் களிமண்ணும் மேலே வந்து, பயிர் வளர்த்த மண் அடியில் புதைந்துவிடும். அத்தகைய கொட்டலில் கரிமச் சத்தும் நுண்ணுயிர்களும் குறைவு. மழை பெய்தால் அரிக்கும், வெயில் காய்ந்தால் இறுகும். எனவே எந்தத் தளத்தில் நிற்கும் அகழ்வியின் மண் எந்த ஸ்பிரெடருக்குச் செல்கிறது, அது எந்த உயரத்தில் கொட்டப்படுகிறது என்பது உழவு சார்ந்த கேள்வியாகவும் ஆகிறது. நெய்வேலியில் நிலக்கரி எடுத்து முடித்த குழிகள் மேல்மண்ணால் நிரப்பப்படுகின்றன. நிரப்பிய நிலத்தில் மரம் வளர்ப்பும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிர் செய்யும் முயற்சிகளும் நடந்துள்ளன. அங்கே தொழு உரமும் பசுந்தாள் உரமும் இட்டு, மீண்டும் உழுது, மண்ணை மண்ணாக்கும் வேலை பல ஆண்டுகள் எடுக்கும்.

நிலம் கொடுத்த கிராமங்களின் கேள்வி இதைவிடப் பழையது. சக்கரம் முன்னேறும் திசையில் முந்திரித் தோப்புகளும் நெல் வயல்களும் வீடுகளும் கோயில்களும் இருந்தன. இழப்பீடு, மாற்று நிலம், வேலைவாய்ப்பு ஆகியவை குறித்த கோரிக்கைகள் சுரங்கம் தொடங்கிய தலைமுறையிலிருந்து இன்றுவரை தொடர்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவி பகுதியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெற்பயிரை இயந்திரங்கள் அழித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பயிருக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிடப்பட்டது.

வரலாற்று முக்கியத்துவம்

நெய்வேலியின் வாளிச் சக்கர அகழ்விகள், விடுதலைக்குப் பிந்தைய இந்தியா வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை எவ்வாறு ஏற்றது என்பதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. வரைபடமும் பாகங்களும் வெளியிலிருந்து வந்தன. துளையிடும் இடைவெளி, வெடிமருந்தின் அளவு, பல்லின் கோணம், மழைக்கால ஓட்டம், நீர் இறைப்பு ஆகிய அறிவு இந்த மண்ணிலேயே உருவானது. இந்தியாவின் பிற பகுதிகளில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் திட்டங்களுக்கும் இந்த அனுபவம் அடித்தளமாயிற்று. அதே இயந்திரங்கள் ஒரு வட்டாரத்தின் நில அமைப்பையும் உழவு வாழ்க்கையையும் மாற்றியமைத்தன. சக்கரத்தை இந்த மண்ணுக்குப் பழக்க ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. வெட்டி நிரப்பிய மண்ணை மீண்டும் உழவுக்குப் பழக்கும் வேலை இன்னும் முடியவில்லை.